ஊட்னடாட்டா தடத்தில் குழுவாக சைக்கிள் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் குடியேறி, வார இறுதிகளில் கடலோரப் பாதைகளில் சைக்கிள் மிதித்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் உள்நாட்டுச் செம்மண் மேல் ஆசை வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "அவுட்பேக் போகலாமா?" என்று ஆரம்பிப்பார். பத்துப் பேர் கை தூக்குவார்கள். அதற்குமேல் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் பேச்சு அப்படியே நின்றுவிடும். அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நண்பர்களோடு போய்வந்தது தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா தடம். அடிலெய்டுக்கு வடக்கே மாரீ என்ற சிற்றூரில் தொடங்கி, வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா வழியாகப் போய், மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைத் தொடும். மொத்தம் 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஏறக்குறைய முழுக்க மண் சாலை. மலையேற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அவுட்பேக் எனப்படும் வறண்ட உள்நாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தடம் எனக்குத் தெரியாது. காரணம், இந்தத் தடமே தண்ணீரைத் தேடிப் போன தடம்.

ஆஸ்திரேலியப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு அடியில் பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்த்தேக்கம் கிடக்கிறது. அதன் ஓரத்தில் அழுத்தம் தாங்காமல் நீர் மேலே பொங்கி வருகிற ஊற்றுகள் ஒரு வரிசையாக இருக்கின்றன. அரபானா மக்களும் அவர்களுக்கு அண்டைய பழங்குடியினரும் காலங்காலமாக அந்த வரிசையைப் பிடித்தே நடந்தார்கள். ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி 1862இல் கண்டத்தைக் குறுக்கே கடந்தபோது அவரும் அதே ஊற்றுகளை நம்பித்தான் போனார். 1872இல் முடிந்த தந்திக் கம்பி அவர் வழியை ஒட்டிப் போனது. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயிலும் பின்னாலேயே வந்தது. 1884இல் மாரீ, 1891இல் ஊட்னடாட்டா, 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். 1980இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இடிந்த நிலையங்களும் இரும்புப் பாலங்களும் இன்னும் சாலையோரம் நிற்கின்றன.

உங்கள் திட்டத்தையும் இதே வரிசையில் போடுங்கள். தண்ணீர் எங்கே என்று முதலில் பாருங்கள். கால் வலிமை, தூரம், வேகம் எல்லாம் அதற்குப் பிறகு.

எந்த மாதம்

மே கடைசி முதல் ஆகஸ்ட் வரை. வேறு மாதங்களை யோசிக்கவே வேண்டாம். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி பதிவானது. ஆஸ்திரேலியாவின் உச்ச வெப்பப் பதிவு அதுதான், 2022இல் ஆன்ஸ்லோவும் அதைச் சமன் செய்தது. குளிர்காலத்தில் பகல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், மிதிக்க அருமையான வெயில். இரவில் சில நாள் உறைநிலைக்கே இறங்கிவிடும். காலையில் சைக்கிளிலேயே விட்ட பாட்டிலின் வாய் உறைந்து கிடந்ததைப் பார்த்த பிறகு எங்கள் குழுவில் எல்லோரும் பாட்டிலைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, ஜூனில் பகல் பொழுது பத்தரை மணி நேரம்தான். கூடாரம் மடிப்பது, சமைப்பது, திரும்பக் கூடாரம் போடுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாரீயிலிருந்து மார்லா நோக்கிப் போவதே நல்லது. குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று அடிக்கடி வீசும், அது முதுகில் வாங்கிக்கொள்ள வேண்டிய காற்று.

மழை பெய்தால் எல்லாக் கணக்கும் மாறும். செம்மண் களியாகி டயரில் அப்பி, சக்கரம் ஃபோர்க்கில் சிக்கி நின்றுவிடும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டுகூட நடக்க முடியாது. மாநில அரசே சாலையை மூடிவிடும், மூடிய சாலையில் வண்டி விட்டால் அபராதம் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய வாரத்திலிருந்து தினமும் வடக்குத் தொலைதூரச் சாலைகளின் நிலவரத்தைப் பாருங்கள். திட்டத்தில் இரண்டு நாள் உபரி வையுங்கள். லீவு இல்லையென்றால் தடத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உபரி நாளை மட்டும் வெட்டாதீர்கள்.

யாரோடு

ஆறு முதல் எட்டுப் பேர் மிதிக்க, இரண்டு பேர் துணை வண்டியில். இந்த அளவு எல்லோரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்காரக்கூடிய அளவு. அதற்குமேல் போனால் குழுவுக்குள் குழு உண்டாகும்.

வேகத்தை வைத்து ஆள் சேர்க்காதீர்கள். "எனக்கு முடியவில்லை" என்று வெட்கப்படாமல் சொல்லக்கூடியவரா என்று பாருங்கள். நகரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் போகிறவரும் இங்கே 13, 14தான் போவார். தன் சோர்வை மறைக்கிறவர் மூன்றாம் நாள் எல்லோரையும் நிறுத்திவிடுவார். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே எல்லோரும் சேர்ந்து மண் சாலையில் மிதிக்க வேண்டும். அதில் ஒரு முறையாவது சனி, ஞாயிறு தொடர்ந்து இரண்டு நாளும் 60 கிலோமீட்டர், நடுவில் கூடாரத்தில் ஒரு இரவு. இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போதுதான் ஒருவருக்குத் தன் உடம்பு தெரியவரும்.

புறப்படும் முன்பே ஒரு விதியைச் சத்தமாகப் பேசி முடிவு செய்யுங்கள். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் துணை வண்டியில் ஏறிக்கொள்ளலாம். காரணம் கேட்கக்கூடாது, கிண்டல் கூடாது. இந்த ஒரு விதி எங்கள் குழுவைக் கடைசி வரை சேர்த்து வைத்திருந்தது.

தண்ணீர்க் கணக்கு

குடிக்க, சமைக்க, கை கால் கழுவ என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 லிட்டர் என்று வையுங்கள். பத்துப் பேருக்கு 80 லிட்டர். மாரீயிலிருந்து வில்லியம் க்ரீக் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர், நான்கு நாள். அப்படியானால் 320 லிட்டர். அதோடு ஒரு நாள் அவசர இருப்பு 80. ஆக 400 லிட்டர், அதாவது 400 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் துணை வண்டி எதற்கு என்று எல்லோருக்கும் புரியும். சாதாரண காரில் இது ஆகாது. நல்ல ஃபோர் வீல் டிரைவ் யூட்டும் (பின்புறம் திறந்த சரக்கு வண்டி), மண் சாலையைத் தாங்குகிற ட்ரெய்லரும் வேண்டும். மாற்று டயர் இரண்டு.

ஒரே பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள். 20 லிட்டர் கேன்களாகப் பிரியுங்கள். ஒன்று ஒழுகினால் ஒன்றோடு போகும். ஒவ்வொரு கேனிலும் எண் எழுதி, காலியானதைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

வண்டி இருக்கிறதே என்று வெறும் பாட்டிலோடு யாரும் கிளம்பக்கூடாது. வண்டியும் பழுதாகும். கிளம்பும்போது ஒவ்வொருவர் சைக்கிளிலும் 4 லிட்டர் இருக்க வேண்டும். இரண்டு லிட்டருக்குக் கீழே போனால் அடுத்த நிறுத்தத்தில் நிரப்பியே ஆக வேண்டும். குளிர்காலத்தில் தாகம் எடுக்காது, வியர்வை உடனே உலர்ந்துவிடும், அதனால் குடிக்க மறந்துவிடுவார்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான அளவுகோல். ஓஆர்எஸ் பொட்டலங்களை எல்லோருடைய பையிலும் போட்டு வையுங்கள், வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் நல்லதில்லை.

ஊற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் குடிநீர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். தாது மிகுந்த நீர் அது. மாரீ, வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா, மார்லா ஆகிய இடங்களில் எங்கே குடிநீர் எடுக்கலாம், கடை எந்த நாள் திறந்திருக்கும் என்று கிளம்பும் வாரத்தில் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வில்லியம் க்ரீக்கில் நிரந்தரமாக வசிப்பவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பத்துப் பேர் திடீரென்று போய் நின்றால் அவர்களுக்கும் சிரமம்.

நாள்களைப் பிரிப்பது

முதல் நாள் 50 கிலோமீட்டர் போதும். டிங்கோ நாய்களைத் தடுக்க 5,600 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய வேலியைக் கடந்து கொஞ்ச தூரத்தில் தங்கலாம். பக்கத்திலேயே விமானங்களைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கும் சிற்பத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் நாள் காட்டி தண்டா–லேக் ஐரின் தெற்கு ஏரியைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு, பழைய கர்டிமுர்க்கா ரயில் நிலையம் வரை. அந்த ஏரிப் படுகையின் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருக்கிறது. உப்புப் படுகையில் இறங்கி நடக்காதீர்கள், அரபானா மக்களுக்கு அது புனிதமான இடம். கரையில் நின்று பார்ப்பதே நிறைவாக இருக்கும்.

மூன்றாம் நாளை வேண்டுமென்றே குட்டையாக வையுங்கள். கவர்ட் ஸ்பிரிங்ஸுக்குச் சற்று முன்னால் வப்மா கடர்பு பூங்காவுக்குள் 'பப்ளர்' என்ற ஊற்று இருக்கிறது. வறண்ட மேட்டின் நடுவே ஒரு குளம், அதன் அடியில் மணல் கொதிப்பதுபோல் புரண்டு எழும், சில நொடி அடங்கும், திரும்பவும் ஒரு பெரிய குமிழ் தள்ளிக்கொண்டு மேலே வரும். மூன்று நாள் கேன் தண்ணீரை அளந்து குடித்துவிட்டு அதன் முன் நிற்கும்போது, இந்த வழியில் ஏன் எல்லோரும் வந்தார்கள் என்று உடம்புக்கே புரிந்துவிடும். இரவு கவர்ட் ஸ்பிரிங்ஸில், பேரீச்ச மரங்களுக்கு நடுவே. வெதுவெதுப்பான ஊற்று நீரில் கால் நீட்டி உட்காரத் தொட்டி இருக்கிறது.

நான்காம் நாள் வில்லியம் க்ரீக், 75 கிலோமீட்டர் போல. அங்கே ஒரு நாள் முழு ஓய்வு. பிறகு ஊட்னடாட்டா வரை 200 கிலோமீட்டரை மூன்று நாளாகப் பிரித்து, இரண்டாம் இரவை அல்ஜபக்கினா பாலத்தருகே வையுங்கள். நீல்ஸ் ஆற்றின் மேல் 578 மீட்டர் நீள ரயில் பாலம், கீழே வற்றாத நீர்மடு. ஊட்னடாட்டாவிலிருந்து மார்லா 210 கிலோமீட்டர், அதுவும் மூன்று நாள். ஓய்வும் உபரியும் சேர்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகும்.

சைக்கிளைத் தயார் செய்வது

சாலை முழுக்கக் குறுக்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைபோல் வரிவரியாக மேடுபள்ளம் இருக்கும். 'காரகேஷன்' என்பார்கள். பல மணி நேரம் அதன்மேல் அதிர்ந்துகொண்டே போகும்போது கை மரக்கும், கேரியர் போல்ட்டுகள் கழலும், போக்ஸ் கம்பி உடையும். அகலமான டயர் போட்டு, காற்றைக் குறைவாக வையுங்கள். 2.2 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. எல்லா போல்ட்டுகளிலும் கழலாமல் பிடிக்கும் பசையைத் தடவி இறுக்குங்கள். தினமும் மதியம் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். கேரியரில் அதிக பாரம் வேண்டாம், துணிமணியும் கூடாரமும் வண்டியில் வரட்டும்.

அடுத்தது நெருஞ்சி. நம்மூர் வரப்பில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே செடிதான் இங்கும் சாலையோரத்திலும், முக்கியமாகக் கூடாரம் போடும் இடங்களிலும் படர்ந்து கிடக்கிறது. இங்கே 'கால்ட்ராப்' என்கிறார்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். ஆகவே தங்குமிடத்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகாதீர்கள். சாலையிலேயே இறங்கி, தூக்கிக்கொண்டு போய்ச் சாய்த்து வையுங்கள்.

ட்யூப்லெஸ் டயரில் சீலன்ட் ஊற்றியிருந்தால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைச் சுழற்றி நிறுத்துங்கள். திரவம் அங்கே வந்து தேங்கி அடைத்துக்கொள்ளும். ட்யூப் போட்ட டயர் என்றால் பொறுமை வேண்டும். வெளியே தெரியும் முள்ளை எடுத்த பிறகும் முனை முறிந்து டயருக்குள் இருக்கும். விரலில் துணியைச் சுற்றி டயரின் உட்புறம் முழுக்க மெதுவாகத் தடவிப் பாருங்கள், துணி எங்கே கொக்கி மாட்டுகிறதோ அங்கே முனை இருக்கிறது. இடுக்கியால் இழுத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று தடவுங்கள். இதைச் செய்யாமல் புது ட்யூப் போட்டவர் அரை மணியில் மறுபடி இறங்குவார். ஆளுக்கு மூன்று ட்யூப், குழுவுக்குப் பொதுவாக ஒரு மாற்று டயர், கியர் ஹேங்கர், செயின் இணைப்பு, போக்ஸ் கம்பிகள் எடுத்துக்கொள்ளுங்கள். செயினுக்கு ஈர எண்ணெய் வேண்டாம், புழுதியை இழுத்துக் களிம்பாக்கிவிடும். உலர் எண்ணெயோ மெழுகோதான் சரி.

சாலையில் ஒன்றாகப் போவது

நகரத்தில்போல் ஒட்டி ஒட்டிப் போக இங்கே முடியாது, முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதியைப் பின்னால் வருகிறவர் தின்ன வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இடைவெளி விட்டுப் போங்கள். 15 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். முன்னால் வந்தவர் அங்கேயே காத்திருக்க வேண்டும், கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிய பிறகுதான் யாரும் கிளம்பலாம். வேகமாக வந்தவர்கள் ஓய்வெடுத்து முடித்துவிட்டார்கள் என்பதற்காகக் கடைசியில் வந்தவரை ஓய்வில்லாமல் கிளப்பினால் மாலைக்குள் அவர் ஒடிந்துபோவார். அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும், முதலுதவிப் பை அவரிடம்தான்.

துணை வண்டி பின்னால் ஊர்ந்து வரத் தேவையில்லை. அடுத்த நிறுத்தத்துக்கு முன்கூட்டியே போய் நிற்கட்டும், எல்லோரும் கடந்த பிறகு திரும்ப முன்னால் போகட்டும். முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் வண்டியிலும் யுஎச்எஃப் வாக்கி டாக்கி வேண்டும். உங்களுக்குள் பேச ஒரு சேனலை வைத்துக்கொள்ளுங்கள், வண்டி ரேடியோ மட்டும் சேனல் 40ஐயும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். லாரி ஓட்டுநர்கள் பேசுவது அதில்தான். மாடு ஏற்றி வரும் ரோட் ட்ரெய்ன், அதாவது பல ட்ரெய்லர்களை இழுத்து வரும் லாரி, 53 மீட்டர் நீளம் வரை இருக்கும், அது நமக்காக நிற்கவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. தூரத்தில் புழுதி மேகம் தெரிந்ததுமே எல்லோரும் ஒரே பக்கமாக, காற்று வரும் பக்கமாக இறங்கி நில்லுங்கள். புழுதி முழுக்க அடங்கிய பிறகு மிதிக்கத் தொடங்குங்கள், பின்னாலேயே இன்னொரு வண்டி வரலாம்.

சாப்பாடும் தூக்கமும்

மெல்போர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ வருகிறவர்கள் பழங்களை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பழ ஈ தடுப்புக்காகத் தெற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அவல், கடலை மிட்டாய், புளிக்காய்ச்சல், ரசப்பொடி, பருப்புப்பொடி இவை எடை குறைந்தவை, கெடாதவை. சோறு வடித்துப் புளிக்காய்ச்சல் கிளறினால் பத்துப் பேருக்கு அரை மணியில் சாப்பாடு. குளிரில் ஒரு டம்ளர் சூடான ரசம் செய்கிற வேலையை எந்த எனர்ஜி பாரும் செய்யாது. சமையலுக்கு கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள், விறகு பொறுக்கப் பல இடங்களில் அனுமதி இல்லை. ஈக்கள் முகத்தில் மொய்க்கும், முகத்தை மூடும் தலைவலையைச் சின்னப் பொருள்தானே என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். தூங்கும் பை உறைநிலைக்கும் கீழே தாங்கக்கூடியதாக இருக்கட்டும்.

அவசரத்துக்கு

ஊர்களைத் தாண்டினால் போன் வேலை செய்யாது. ஆபத்தில் சாட்டிலைட் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி கருவி ஒன்று கட்டாயம். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து, பயண விவரத்தையும் சேர்த்துவிடுங்கள். அதோடு செய்தி அனுப்பக்கூடிய சாட்டிலைட் கருவி ஒன்று. பிஎல்பியை எங்கே வைத்திருக்கிறோம், எப்படி இயக்குவது என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வைத்திருப்பவரே அடிபட்டு விழலாம் அல்லவா? 1928இல் தொடங்கி அவுட்பேக் பகுதிகளுக்கு மருத்துவர்களைப் பறக்க வைக்கும் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் இருக்கிறது என்பது பெரிய தைரியம். ஆனாலும் வந்து சேர நேரம் ஆகும், அதுவரை பார்த்துக்கொள்ள முதலுதவிப் பயிற்சி பெற்ற இரண்டு பேராவது குழுவில் வேண்டும்.

மாலைப் பேச்சு

சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். அன்று கடைசியாக வந்தவர் முதலில் பேச வேண்டும். கை மரக்கிறதா, உட்காரும் இடத்தில் புண் வருகிறதா, நேற்று தூக்கம் எப்படி, நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போக முடியும்? மற்றவர்கள் நடுவில் பேசக்கூடாது. சீட் புண்ணைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுவார்கள், குழுத்தலைவர் தன்னுடையதைச் சொல்லி ஆரம்பித்தால் மற்றவர்களும் சொல்வார்கள். முதல் நாள் சிவப்பாக இருக்கும்போது க்ரீம் தடவினால் முடிந்துவிடும், நான்காம் நாள் சொன்னால் வண்டியில்தான் வர வேண்டியிருக்கும். எங்கள் குழுவில் அடுத்த நாளின் தூரத்தை இந்தப் பேச்சுதான் முடிவு செய்தது, காகிதத்தில் இருந்த திட்டம் அதற்கு அடுத்தபடிதான்.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை கூடுங்கள். பிரிக்காமலே திரும்பி வந்த பொருள் எது, எது பற்றவில்லை, எந்த நாள் தூரம் அதிகம், யாருக்கு மனத்தாங்கல்? எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எத்தனை கேன் தண்ணீர் மிச்சமானது என்ற எண் அடுத்து போகிற குழுவுக்கு எந்தப் புகைப்படத்தையும்விட உதவும்.

திரும்பி வருவது

மார்லாவிலிருந்து அடிலெய்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். முடித்துவிட்ட உற்சாகத்தில் அன்று மாலையே கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். இருட்டில் கங்காருவும் மாடும் சாலைக்கு வரும், ஓட்டுகிறவருக்கும் பன்னிரண்டு நாள் அலுப்பு இருக்கும். மார்லாவில் குளித்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் பகலில் 230 கிலோமீட்டர் ஓட்டி கூபர் பீடியில் தங்குங்கள், நிலத்துக்கடியில் குடைந்த அறைகள் உண்டு. அதற்கடுத்த நாள் விடிந்த பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டுநரை மாற்றிக்கொண்டு அடிலெய்டு. ட்ரெய்லரில் சைக்கிள்களைக் கட்டும்போது செயின் பக்கம் உள்ளே இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் பேரிங்குகளைத் திறந்து துடைத்துப் புது கிரீஸ் போடுங்கள், அந்தப் புழுதி எல்லாவற்றுக்குள்ளும் போயிருக்கும்.